சுஹறாவின் தொண்டையில் சிக்கிய சொல்

கல்முனைக்குடி சுஹறாவுக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தம் பிடித்து மூன்று வருடம். பகலெல்லாம் தையல் மெசினில் குந்தியிருந்து அபாயா தைக்கிறவள். நடக்காவிட்டால் காலே போய்விடும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் அசறு தொழுத கையோடு கடற்கரைப் பூங்காவுக்குப் போனவள்தான், மழைக்கும் நின்றதில்லை.

பூங்காவில் என்ன இல்லை? சுற்றிவரக் கல் பதித்த நடைபாதை, ஊஞ்சல், சறுக்கு, கை கால் அசைக்க இரும்புக் கருவிகள். பெண்களுக்கென்று கக்கூஸும் இருக்கிறது, கட்டிய நாளிலிருந்து பூட்டோடு! சீனி உள்ளவளுக்கு இரண்டு சுற்று நடந்தாலே முட்டிக்கொண்டு வரும். வீட்டுக்கு ஓடிப்போய்த் திரும்பினால் பொழுதுபட்டு மஃரிபு தொழுகை நேரம் ஆகிவிடும். கூட நடந்த றஹீமா, "உம்மாடி, இந்தச் சீரழிவு எனக்கு ஏலா" என்று நின்றேவிட்டாள். காவலாளி சீனிமுகம்மதோ சாவி கேட்டால் கையை விரித்தார். "திறப்பு கந்தோருல கிடக்கு, தங்கச்சி. நான் என்ன செய்ய?"

சுஹறா மாநகர சபைக் கந்தோருக்கே போனாள். அங்கே மேசைக்கு மேசை ஆண்கள். வீட்டில் வாய் ஓயாதவளுக்கு அந்த ஒரு சொல் மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"பார்க்குல சீனியால நடக்க ஏலாம இரிக்கி, தம்பி. பொம்புளையள் எல்லாருக்கும் இந்தக் கரைச்சல்தான். நீங்களே விளங்கி ஒண்டு செய்யுங்க" என்று எழுதுவினைஞர் கிறிஸ்ரோபரிடம் சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அவருக்கும் நன்றாகத்தான் விளங்கியது! சீனிமுகம்மதை ஊரே 'சீனி' என்றுதானே கூப்பிடும். மூன்றாம் நாள் அந்த மனுசன் கையில் கடிதம். பெண்களுக்குத் தொல்லை கொடுத்ததாக முறைப்பாடு வந்திருக்கிறதாம், விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாமாம்.

சீனிமுகம்மது சுஹறாவின் படலையில் வந்து நின்றார். கடிதத்தை நீட்டினார். "உன்ன நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லையே, தங்கச்சி. கலியாணம் முடிச்ச மகள் இரிக்கா எனக்கு."

சுஹறாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. வெட்கப்பட்டது அவள், மாட்டிக்கொண்டது இந்த அப்பாவி. தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு கந்தோருக்கு நடந்தாள்.

"சீனியெண்டு நான் சொன்ன என்ட வருத்தத்த, தம்பி! இவர இல்ல!"

கிறிஸ்ரோபர் தலையில் கை வைத்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு தாளில் இரண்டு வரி எழுதி நீட்டினார். "ஒரு கையெழுத்து வைங்க, அக்கா. இவர் நாளைக்கே வேலைக்கு வரட்டும்."

காவலாளி மீது முறைப்பாடு இல்லை என்றது முதல் வரி. பூங்காவைப் பற்றியும் எந்தக் குறையும் இல்லை என்றது இரண்டாவது.

இரண்டாவது வரியைப் பேனையால் வெட்டிவிட்டுத்தான் சுஹறா கையெழுத்து வைத்தாள்.

"குறை இரிக்கி" என்றாள்.

"என்ன குறை?"

கந்தோரே திரும்பிப் பார்த்தது. அவளுக்குக் காது சுட்டது. இன்றைக்கும் மென்று விழுங்கினால் இன்னும் யார் தலையில் விடியுமோ என்று நினைத்தாள்.

"கக்கூஸ்!" கடைசி மேசைக்கும் கேட்டது. "பொம்புளையள்ட கக்கூஸ் பூட்டிக் கிடக்கு. எங்களுக்கு அடக்க ஏலா. திறப்பத் தாங்க, எடுத்துட்டுத்தான் போவன்."

கிறிஸ்ரோபர் எழுந்துபோய் அலுமாரியைத் துழாவத் தொடங்கினார். சுஹறா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.