எதுக்கம்மா

படுத்திருப்பவரின் முகத்தை அவர் கடைசியாகத்தான் பார்ப்பார். முதலில் கட்டிலுக்கு மேலே தொங்கும் மருந்துப் பைகள். முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் பையை ஒற்றை விரலால் திருப்புவார், ஒட்டியிருக்கும் பெயரைப் படிப்பார், பக்கத்தில் நிற்கும் இளம் டாக்டரிடம் கேட்பார்: "இது எதுக்கு?" பதில் வந்ததும் அடுத்தது: "எப்ப நிறுத்தப் போறோம்?" இரண்டாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் தொண்டையைச் செருமுவார்கள்.

இதய, நுரையீரல் மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் அவர் மருந்தாளுநர். கிருமிகளைக் கொல்லும் பெரிய மருந்துகள் எதுவும் அவர் சம்மதம் இல்லாமல் மருந்தறையை விட்டு வெளியே வராது. வெளியே வந்தது திரும்ப உள்ளே போகவும் கூடாது, அதுவும் அவர் போட்ட சட்டம்தான். நர்சுகள் வைத்த பெயர் எதுக்கம்மா. "எதுக்கம்மா வர்றாங்க" என்று ஒருத்தி முணுமுணுத்தால் போதும், குடித்துக்கொண்டிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அவருக்கும் இது தெரியும், கண்டுகொள்வதில்லை. ஐம்பதை நெருங்கும் வயது, முட்டிவலி, ஓசையே எழுப்பாத செருப்பு. வெள்ளைக் கோட்டின் வலது பை மட்டும் தொங்கிப்போயிருக்கும். கை சும்மா இருந்தால் அதற்குள்தான் இருக்கும்.

எனக்கு அவர் பழக்கமானது என் மச்சானின் புண்ணியத்தில். மச்சானுக்குப் புது இதயம் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒருநாள் தொண்டை வலி என்றார். என் அக்கா அலமாரியைத் துழாவி, தன் பல்வலிக்கு எப்போதோ வாங்கி மீந்துபோன ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுத்தாள். பாசத்தில்தான் கொடுத்தாள், வேறென்ன. புது இதயத்தை உடம்பு அந்நியன் என்று விரட்டாமலிருக்க மச்சான் தினமும் ஒரு மருந்து விழுங்குகிறார். அக்கா கொடுத்த மாத்திரை அந்த மருந்தை ரத்தத்தில் கன்னாபின்னாவென்று ஏற்றிவிட்டது. கை நடுங்கியது, சிறுநீரகம் மக்கர் செய்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தோம்.

எதுக்கம்மா அக்காவைத் திட்டவில்லை. மீந்த மாத்திரை அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "வீட்ல இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அக்கா அன்றைக்கே அலமாரியைக் காலி செய்தாள். பாவம், தலைவலித் தைலம்கூடத் தப்பவில்லை.

எதுக்கம்மா வீட்டு நிலவரம் இன்னும் மோசம் என்று கேள்வி. கணவருக்கு ஜலதோஷம் பிடித்தால் வெந்நீர், ஓய்வு, அனுதாபம், அவ்வளவுதான். அனுதாபமும் அளந்துதான் கிடைக்கும் என்று அந்த மனிதரே வார்டுக்கு வந்தபோது நர்சுகளிடம் புலம்பினாராம்.

மச்சான் தேறிவந்த வாரத்தில் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். புது நுரையீரல். சளியைச் சோதித்ததில், எந்த மருந்துக்கும் லேசில் மசியாத ஒரு கிருமி தெரிந்தது. அறுவை மருத்துவர், இருப்பதிலேயே பெரிய மருந்தை உடனே ஏற்றச் சொன்னார். எதுக்கம்மா பையைத் திருப்பவில்லை, பையே இன்னும் தொங்கவில்லையே. காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது என்றார். கிருமி சும்மா உட்கார்ந்திருக்கிறது, இன்னும் நோயாக மாறவில்லை என்பது அவர் கட்சி. அந்த மருந்து ஏற்கெனவே களைத்திருக்கும் சிறுநீரகத்தைச் சாய்த்துவிடலாம். தொற்றுநோய் மருத்துவரும் போனில் அவர் பக்கம்தான் பேசினார்.

அறுவை மருத்துவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை. "தெச்சவன் நான்," என்றார். "ஏதாவது ஆச்சுன்னா அவரு சம்சாரம் முகத்தைப் பாக்க வேண்டியதும் நான்தான்."

"நாளைக்குக் காலை வரைக்கும் பாப்போம் சார். நடுவுல மூச்சு துளி மாறினாலும் போட்டுடலாம். மருந்த நானே எடுத்து வெச்சுக்கறேன்."

டிரைவரின் மனைவி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எதுக்கம்மா வெளியே வந்ததும் வழிமறித்தாள்.

"கிருமி இருக்குன்னும் நீங்களே சொல்றீங்க, மருந்து வேண்டாம்னும் நீங்களே சொல்றீங்க. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாரைக் கேக்கறது?"

"என்னைக் கேளுங்க," என்றார் எதுக்கம்மா. "அது வாசல்ல நிக்குதும்மா, உள்ள வரல. வந்தா அடிக்க நம்மகிட்ட ஒரே ஒரு கம்புதான் இருக்கு. இப்பவே வீசி உடைச்சுட்டா, நிஜமா வர்ற அன்னிக்கு வெறுங்கையோட நிப்போம்."

அவள் சமாதானமானதாகத் தெரியவில்லை. தாழ்வாரத்தில் எதுக்கம்மாவைப் பிடித்து, பயமாக இல்லையா என்று கேட்டுவிட்டேன். முன்பு ஒருமுறை ஒரு பெண் நோயாளிக்கும் இப்படித்தான் வேண்டாம் என்று சொன்னாராம், தப்பாகப் போய்விட்டதாம். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள், ஆனால் படாத பாடு பட்டாள். "அப்புறம்?" என்றேன். "அப்புறம் என்ன, மறுநாளும் வந்து எதுக்குன்னு கேட்டேன்," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அன்று அவர் எங்கள் பக்கம் எத்தனை தடவை வந்தார் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு இருந்தது. மச்சானிடம் மாத்திரை சாப்பிட்டாச்சா என்பார், பதிலைக் காதில் வாங்காமல் டிரைவரின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குக் கிளம்பாமல் என் நாற்காலியைப் பறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முட்டியைத் தேய்த்தது இடது கைதான். வலது கை கோட்டுப் பையிலேயே இருந்தது.

காலையில் டிரைவர் எழுந்து உட்கார்ந்து, சூப்பில் உப்பே இல்லை என்று மனைவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் திட்டினார், மூச்சும் வாங்கவில்லை. அறுவை மருத்துவர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். ராத்திரி எடுத்த ரத்தச் சோதனையும் நன்றாகவே இருந்தது. "சரி, வேண்டாம்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மனைவி ஓடிவந்து எதுக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதுக்கம்மா இன்னும் சில நாள் பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மச்சானின் மாத்திரைகளை வாங்க நான் மருந்தறை ஜன்னலுக்குப் போனபோது அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து விளக்கடியில் பிடித்தார். உள்ளே வெள்ளைப் பொடி, மூடி திறக்கப்படவில்லை. மேலே ஒட்டியிருந்த தாளில், உள்ளங்கை வேர்வை பட்டுப் பட்டு மருந்தின் பெயர் பாதி அழிந்துபோயிருந்தது. மிச்ச எழுத்துகளைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். வெளியே வந்தது திரும்ப உள்ளே போகக் கூடாதே. கழிவுப் பெட்டியின் மூடியைத் தூக்கி, சத்தம் வராமல் குப்பியை உள்ளே வைத்துவிட்டு, அந்தக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டார்.