மிஷினுக்கு எத்தனை வயது

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். சிவகாசிக்காரர்கள் வெளிநாட்டுப் பழைய ஆஃப்செட் அச்சு மிஷின் வாங்கப் போனால் அதில் மாட்டியிருக்கும் தகட்டைப் பார்ப்பார்கள். எண்ணும் தயாரித்த வருடமும் அதில்தான் இருக்கும். பத்து வயதைத் தாண்டிய மிஷினை இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டும் என்று அப்போது விதி. அதற்கு டில்லிக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தால் காலண்டர் சீசனே முடிந்துவிடும்.

நானும் என் அண்ணனும் ஒரே அச்சகத்தில் இருந்தோம். அண்ணன் ஃபிட்டர், நான் ஆபீஸ் கிளார்க். துறைமுகக் காகிதங்களெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். முதலாளி மிஷின் பார்க்க ஜப்பான் போனபோது அண்ணனையும் கூட்டிப்போனார். ஒன்பது வயதுதான், நல்ல ஓட்டம் என்று அண்ணன் சொன்னதை நம்பித்தான் வாங்கினார். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவந்ததும் ஆர்டர் குவியும். அதற்குள் மிஷின் ஓடவில்லையென்றால் நீ வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான் என்று அண்ணனிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்வதைத்தான் அவர் செய்வார்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மிஷினைப் பார்த்து முடித்த அன்றே தகட்டைக் கழற்றிக்கொண்டு வந்து, அம்மன் காலடியில் வைத்துப் பூசை செய்து, மிஷின் வந்து இறங்கியதும் மாட்டுவோம். முன்னால் வந்த இரண்டு மிஷின்களுக்கும் அப்படித்தான் செய்தோம். யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இந்த முறை கப்பல் வந்துகொண்டிருக்கும்போதே சோதனையைக் கடுமையாக்கிவிட்டார்கள். காகிதத்தில் எழுதியது போதாது, என்ஜினியர் மிஷினையே பார்த்து வயதைச் சான்று சொல்ல வேண்டும் என்று புதிய உத்தரவு வந்தது. அதைப் படித்த எனக்குத் தகடு மிஷினில் இல்லை என்ற நினைவே வரவில்லை. அது என் மடத்தனம்.

தூத்துக்குடியில் கன்டெய்னரைத் திறந்தபோது தகடு இருக்க வேண்டிய இடத்தில் நாலு ஓட்டைகள் இருந்தன. கஸ்டம்ஸ் அதிகாரி அவற்றையே பார்த்தார். அண்ணன் பையிலிருந்து தகட்டை எடுத்து நீட்டினார். ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"பூசைக்காகக் கழட்டுனோம் சார்."

"இந்த மாதிரி தகடு உங்க ஊர்ல எந்தப் பட்டறையிலயும் அடிச்சிரலாமே" என்றார் அதிகாரி.

அண்ணன் அசரவில்லை. "அடிச் சட்டத்துலயும் நம்பர் வெட்டியிருப்பான் சார். மை ஏறி மூடிக் கெடக்கும். சுரண்டிக் காட்டுதேன், ரெண்டையும் ஒத்துப் பாத்துக்கோங்க" என்றார்.

மண்ணெண்ணெய்த் துணியும் பிளேடுமாக மிஷினுக்கு அடியில் படுத்துச் சுரண்டினார். நான் குனிந்து டார்ச் பிடித்தேன். கன்டெய்னருக்குள் மூச்சு முட்டியது. அதிகாரியும் என்ஜினியரும் வெளியே நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பல வருட மை கட்டி கட்டியாக உதிர்ந்தது. முதல் இரண்டு எண்களும் வருடத்தைக் குறிக்கும். அவை தெரிந்ததும் அண்ணனின் கை நின்றுவிட்டது.

தகட்டில் இருந்த வருடம் அங்கே இல்லை. மிஷினுக்கு வயது பதினாலு. விற்றவன் இளைய மிஷினின் தகட்டைக் கழற்றி இதில் மாட்டியிருக்கிறான். நாங்கள் அதைப் பயபக்தியோடு கொண்டுவந்து பூசை போட்டிருக்கிறோம்.

வெளியே டீ கிளாஸ் வைக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே, மை போகலைன்னு சொல்லிருங்க" என்றேன் மெதுவாக. "ரெண்டு பிள்ளையள வச்சிருக்கீக. மிச்சத்த நம்ம துறைமுக ஏஜென்ட் பாத்துக்கிடுவாரு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஊர்ந்து வெளியே போய், கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், ரெண்டு நம்பரும் ஒண்ணில்ல. தகட்டப் பாத்து நாங்க ஏமாந்துட்டோம். இது பழைய மிஷினு."

அதிகாரி குனிந்து இரண்டு எண்களையும் ஒத்துப் பார்த்தார். பிறகு எழுத ஆரம்பித்தார்.

லைசென்ஸ் இல்லாமல் மிஷின் துறைமுகத்திலேயே கிடந்தது. ஆடி வந்தது, ஆர்டர்களெல்லாம் பக்கத்துத் தெரு அச்சகங்களுக்குப் போயின. "வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்லா" என்று மட்டும்தான் முதலாளி கேட்டார். அடுத்த நாளே அண்ணனை நிறுத்திவிட்டார். நான் என் நாற்காலியிலேயே இருந்தேன். அண்ணன்மேல் எனக்குத் தாங்க முடியாத கோபம். பெரிய அரிச்சந்திரன் என்று வீட்டில் திட்டினேன். அவர் பஸ் ஏறி விருதுநகரில் ஓர் எண்ணெய் மில்லுக்கு ஃபிட்டராகப் போய்வர ஆரம்பித்தார்.

கொஞ்ச காலத்தில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். பழைய மிஷினுக்கு எத்தனை வயதானாலும் லைசென்ஸ் வேண்டாம் என்றாகிவிட்டது. முதலாளி உடனே இன்னொன்று இறக்கினார். பதினைந்து வயது, யாரும் கேட்கவில்லை. ஆனால் அதைப் பூட்டி ஓட்ட ஆள் அமையவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்.

மில் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் கழிவுத் துணியால் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏலே, அன்னைக்கு என் இடத்துல நீ இருந்தா சொல்லியிருப்பியா?"

"இல்லண்ணே."

"தெரியும்" என்றார். குரலில் கோபமே இல்லை. "அதான் உன்னைய வேலையில வச்சிருக்காக."

உள்ளே போய்விட்டார். நான் சிவகாசிக்குத் திரும்பி வந்து முதலாளியிடம், அண்ணன் ஊரில் இல்லை என்று சொன்னேன்.