தண்ணீர்த் தாங்கியின் தலைவி

என்னைக் கொள்ளைக்கூட்டத் தலைவியாக நடிக்கக் கேட்டு வந்தபோது நான் முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கேட்டு வந்தவள் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுப் பிள்ளை. கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பது அவளுடைய தொழில். கடல் ஊருக்குள் வந்த வருசம் நாங்கள் எல்லோரும் முகாமில் ஒன்றாக இருந்தோம். அப்போது அவள் பல் விழுந்த சிறு பிள்ளை. அன்றிலிருந்து எனக்கு அவள் புள்ள, அவளுக்கு நான் பெரியம்மா.

"பெரியம்மா, படம் ஒண்டு எடுக்கப் போறன். நீங்க நடிக்கோணும்."

"அழுற அம்மாவா?"

"இல்ல. ரவுடி."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"வெறும் ரவுடி இல்ல," என்றாள். "ரவுடியளுக்கெல்லாம் தலைவி."

எங்கள் பக்கத்தில் யார் நாடகம் போட்டாலும் வயது போன பெண்களுக்கு அழுகிற வேலையைத்தான் கொடுப்பார்கள். நான் ஊருக்கு முன்னால் அழுது பழகினவள் இல்லை. அதனால் இந்த வேலை எனக்குப் பிடித்துப் போயிற்று. என்றாலும் உடனே ஓம் சொன்னால் மரியாதை இல்லை என்று, கதை என்ன என்று கேட்டேன். குந்தியிருந்து சொன்னாள்.

கடல் வந்து உலகம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது. மிஞ்சின சனம் இடிந்த இடத்தில் திரும்பவும் ஒரு நகரத்தைக் கட்டுகிறது. கட்டிடம் இருக்கிறது, ரோட்டு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர்தான் இல்லை. இருக்கிற ஒரேயொரு தாங்கி ஒரு கொள்ளைக்கூட்டத்தின் கையில். பிறகு வானத்திலிருந்து ஒரு சூப்பர் ஹீரோ பறந்து வந்து அந்தக் கூட்டத்தை அடித்துத் துரத்துகிறான்.

"உலகம் அழிஞ்சதுக்குப் பிறகும் நான் உசிரோட இரிப்பனா?" என்று கேட்டேன்.

"நீங்க இல்லாமப் போவீங்களா பெரியம்மா," என்றாள்.

அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டு சம்மதித்தேன்.

கல்லடிக் கடற்கரைப் பக்கம் இன்னும் நாலைந்து உடைந்த சுவர்கள் நிற்கின்றன. திரும்பி வர ஆள் இல்லாத வளவுகள். படம் பிடித்தது அங்கேதான். உலகம் அழிந்ததைக் காட்டக் கமெராவை இந்தப் பக்கம் திருப்பினாள். கட்டி முடித்த நகரத்தைக் காட்ட அந்தப் பக்கம் திருப்பினாள். நடுவில் ஒரு தார் ரோட்டு மட்டும்தான். அந்தப் பக்கத்தில் என் வீட்டுக் கூரையும் தெரியும்.

என் கூட்டத்தில் வீடு வீடாகப் பாண் விற்கிற ஓட்டோக்காரனும் மரக்கறிக் கடைக்காரனும் இருந்தார்கள். இரண்டு பேரும் என்னைக் கண்டால் உண்மையிலேயே ஒதுங்கி நிற்பவர்கள். ஆகவே அவர்களுக்கு நடிப்புச் சொல்லிக் கொடுக்கத் தேவைப்படவில்லை. சூப்பர் ஹீரோவாக வந்தவர் மீன் ஏலம் கூறுகிற தம்பி. வயிறு கொஞ்சம் முன்னுக்கு வந்த மனுசன். அவருடைய மனுசி யன்னல் சீலையை வெட்டி முதுகில் தொங்கவிடத் தைத்துக் கொடுத்திருந்தா, நீலத்தில் வெள்ளைப் பூ. உடைந்த சுவரில் ஏறி நின்று அவர் பேசத் தொடங்கினால் ஒரு மூச்சில் முடித்துவிடுவார்.

"அண்ணே, மெதுவாச் சொல்லுங்க," என்பாள் பிள்ளை. "சூரை மீன் ஏலம் போற மாதிரி இரிக்கி."

"எனக்கு மெதுவாப் பேசினா நாக்கு ஒட்டும் புள்ள."

"நீ பறக்கிறவன் தம்பி, விக்கிறவன் இல்ல," என்று நானும் சொல்லுவேன்.

எனக்கு வாசிப்பு எழுத்துக் கூட்டித்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவள். அதனால் பிள்ளை ஒவ்வொரு நாளும் அன்றைக்கு உரிய கதையை மட்டும் வாயால் சொல்லுவாள். நான் கேட்டு என் வாயால் சொல்லுவேன். அவள் எழுதினதை விட நான் சொல்லுகிறது நன்றாக இருக்கிறது என்று பாண் ஓட்டோக்காரன் சொன்னான். அவன் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

கடைசிக் காட்சி பிடிக்கிற நாள் வந்தது. தண்ணீருக்கு வந்த சனமாக நிற்பதற்குக் கனபேர் குடத்தோடு வந்திருந்தார்கள். பாதிப் பேர் அந்த நாளில் முகாமில் இருந்த ஆட்கள். கறுப்புத் தாங்கியைக் கல்லில் ஏற்றி நிறைத்து வைத்திருந்தார்கள். பிள்ளை ஓடி வந்து என் கையில் ஒரு குழாய்ப் பிடியைத் தந்தாள். குழாயைத் திறந்து பூட்டுகிற பித்தளைப் பிடி, திருகிக் கழற்றியது.

"இத முந்தானையில முடிஞ்சு வைங்க பெரியம்மா. அவர் தாங்கியை உதைச்சு உடைப்பார். தண்ணி ஓடும். நீங்க சனத்துக்கு முன்னால முழங்கால்ல நிக்கோணும். அவர் உங்கட முந்தானையில இருந்து இத அவிழ்த்தெடுப்பார். அதோட படம் முடியும்."

பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

குழாய்ப் பிடியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு திரிந்தவள் இந்த ஊரில் ஒருத்திதான். அது நான். முகாமில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

அந்தக் கதையை இங்கே சொல்லத்தான் வேண்டும். கடல் என் வீட்டையும் என் தங்கச்சியையும் கொண்டுபோன பிறகு, மிஞ்சின சனத்தோடு நானும் முகாமுக்குப் போனேன். கிணறெல்லாம் உப்பு. பவுசர் லொறியில் தண்ணீர் வந்து ஒரு தாங்கியில் ஊற்றிவிட்டுப் போகும். முதல் கிழமை பலம் உள்ளவனுக்குத்தான் தண்ணீர். வெளியிலிருந்து சில ஆட்கள் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் பீப்பாய் ஏற்றி வந்து, நிறைத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் விற்றார்கள். ஏன் என்று கேட்ட ஒரு கிழவனைத் தள்ளி விழுத்தினார்கள். அன்றைக்கு நான் கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு துடுப்பை எடுத்துக்கொண்டு போய்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றேன். குழாய்ப் பிடியைக் கழற்றி முடிந்துகொண்டேன். ஒரு அடுப்புக்கு இரண்டு குடம். என் சொந்தக்காரருக்கும் இரண்டு குடம்தான். பீப்பாய்க்காரர் வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். நான் துடுப்பை ஓங்கவும் இல்லை, பேசவும் இல்லை. நின்றேன். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்த பெண்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். பீப்பாய்க்காரர் பிறகு வரவில்லை. எங்களுக்கு வீடு கட்டித் தந்து அனுப்புகிற வரைக்கும் அந்தப் பிடி என் முந்தானையில்தான் இருந்தது. என் வாழ்க்கையில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுகிற ஒரு வேலை அதுதான்.

அதைப் போய் இவள் கொள்ளைக்கூட்டம் என்று எழுதியிருக்கிறாள். என்னையே கூப்பிட்டு, அதே சனத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்கச் சொல்லுகிறாள்.

பிடியைத் தாங்கிக்கு மேல் வைத்தேன். தலைவி வேசத்துக்கென்று பிள்ளை தந்திருந்த கறுப்புக் கோட்டைக் கழற்றிச் சுவரில் போட்டேன்.

"பெரியம்மா, என்ன?"

"நான் ஆருக்கும் முழங்கால்ல நிண்டதில்ல, புள்ள. கடல் வந்த நேரமும் நிண்டுதான் பாத்தனான்."

ரோட்டைக் கடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பின்னால் குடங்கள் சத்தம் போட்டன. சூப்பர் ஹீரோ மட்டும், "அக்கா, நான் மெல்லமாத்தான் அவிழ்ப்பன்," என்று கத்தினார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஊர் மண்டபத்தில் இந்தப் படத்தைப் போடப் போகிறார்கள். அன்றைக்கு முகாமில் குழந்தையாக இருந்ததெல்லாம் இன்றைக்குத் தாய் தகப்பன். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு என்னைக் காட்டி என்ன சொல்லுவார்கள்? தண்ணீர் தராத ரவுடி என்றா? நான் செத்த பிறகு இந்த ஒழுங்கையில் மிஞ்சப் போகிறது அந்தப் பேச்சுத்தான். அது பிழையாக மிஞ்சக் கூடாது.

பொழுது சாய்கிற நேரம் பிள்ளை வந்தாள். கமெரா இல்லாமல் வந்தாள். வாசலில் நின்றாள், நான் இரு என்று சொல்லவில்லை.

"கோவமா பெரியம்மா?"

"நான் தண்ணி வித்தனானா?"

"இல்ல."

"ஆரையும் அடிச்சனானா?"

"இல்ல."

"அப்ப என்னத்துக்குக் கொள்ளைக்காரி ஆக்கினாய்?"

அவள் சிரித்தாள். எனக்கு அது இன்னும் கோபத்தைத் தந்தது.

"நான் ஆக்கேல்ல பெரியம்மா. நாங்க எல்லாரும் ஆக்கினது. முகாமில எங்களுக்கு விளையாட அதுதான் இருந்திச்சு. நீங்க கொள்ளைக்கூட்டம். நாங்க பறக்கிற ஆக்கள். துவாய முதுகில கட்டிக்கொண்டு உங்கட தாங்கிய பிடிக்க வருவம். ஒவ்வொரு நாளும் திட்டம் போடுவம்."

"எனக்குத் தெரியாதே."

"உங்களுக்குத் தெரிஞ்சா விளையாட ஏலுமா? துடுப்போட நிப்பீங்க."

அவள் தானாகவே படியில் இருந்தாள்.

"கடல் திரும்ப வருமெண்டு எல்லாருக்கும் பயம். அம்மா நித்திரை கொள்ள மாட்டா. எங்களுக்கு மட்டும் உங்களப் பயம். ஒரு நாள் என்ர தம்பி சொன்னான், கடல் வந்தாலும் பெரியம்மா வரிசையில நிக்கச் சொல்லுவா எண்டு. அதுக்குப் பிறகு நாங்க நல்லா நித்திரை கொண்டனாங்க."

நான் எழுந்து உள்ளே போனேன். எனக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டியிருந்தது. ஒரு கோப்பையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நின்றபடியே கேட்டேன்.

"உங்கட விளையாட்டில, தாங்கிய எப்பவாவது பிடிச்சீங்களா?"

"ஒரு நாளும் இல்ல. நீங்க அந்த இடத்த விட்டு அசைஞ்சாத்தானே."

"பிடிக்காததப் பிடிச்ச மாதிரி என்னத்துக்குக் காட்டுறாய்?"

"படம் எண்டா ஹீரோ வெல்லோணும் பெரியம்மா."

"வெல்லட்டும். முதல்ல வரிசைக்கு வரட்டும்."

அவள் கோப்பையை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டதும் நாளைக்கும் அந்தக் கறுப்புக் கோட்டைப் போட வேண்டியிருக்கும் என்று எனக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் சனம் முதல் நாளை விடக் கூடுதலாக வந்தது. நான் கோபித்துக்கொண்டு போன கதை பரவியிருந்தது. தாங்கிக்குப் பக்கத்தில் நின்றேன், பிடி முந்தானையில். பிள்ளை ஒரு சொல்லும் சொல்லித் தரவில்லை. "உங்களுக்குத் தெரியும்," என்றாள், அவ்வளவுதான். ஏலம் கூறுகிற தம்பி சுவரிலிருந்து குதித்து, யன்னல் சீலை பறக்க, நேரே தாங்கிக்கு முன்னால் வந்து காலைத் தூக்கினார்.

"குடம் எங்க?" என்று கேட்டேன்.

அவர் காலைத் தூக்கினபடி பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை கமெராவுக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டாள்.

"குடம் இல்ல அக்கா. நான் பறந்து வந்தனான்."

"பறந்து வந்தா என்ன, நடந்து வந்தா என்ன. ஒரு குடத்த எடுத்துக்கொண்டு பின்னால போய் நில்லு."

சனம் சிரித்துவிட்டது. யாரோ ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கானை அவர் கையில் கொடுத்தார்கள். வரிசையின் கடைசியில் போய் நின்றார். வெயில் சுட்டிருக்க வேண்டும், முதுகுச் சீலையைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டார். முன்னால் நின்ற பெண் திரும்பி, "தம்பி, அந்தச் சீலையில எனக்கும் கொஞ்சம் நிழல் விடன்," என்றாள். அவர் விட்டார். நான் முந்தானையை அவிழ்த்து, பிடியைக் குழாயில் மாட்டி, ஒவ்வொருவருக்கும் தண்ணீர் திறந்துவிட்டேன். படத்துக்கு என்று திறந்தது போல எனக்கு இருக்கவில்லை. குடத்தில் தண்ணீர் ஏறுகிற சத்தத்தைக் கேட்டே எப்போது பூட்டுவது என்று கை அறிந்திருந்தது.

அவருடைய முறை வந்தது. கானை நிறைத்தேன். போகத் திரும்பினார். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. யாரும் சொல்லித் தரவில்லை. குழாயிலிருந்து பிடியைக் கழற்றி அவருடைய கையில் வைத்தேன்.

"நான் போய் ஒரு வாய் சோறு திண்டிட்டு வாறன். ஒரு அடுப்புக்கு ரெண்டு குடம். சொந்தக்காரன் எண்டு ஆருக்கும் கூடக் குடுக்காத."

அவர் பிடியைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். "என்னால ஏலுமா அக்கா?" என்று கேட்டார். அது நடிப்பில்லை. மெதுவாகவும் கேட்டார், ஏல வேகம் இல்லை.

"நிண்டா ஏலும்," என்றேன். ரோட்டைக் கடந்து என் வீட்டுப் பக்கமாக நடந்தேன். பிள்ளை நிற்பாட்டச் சொல்லவே இல்லை. நான் வீட்டுக்கு வந்து உண்மையாகவே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன்.

படத்தை மண்டபத்தில் போட்ட அன்று முன்வரிசையில் எனக்குக் கதிரை வைத்திருந்தார்கள். கடைசிக் காட்சியில் என் முதுகுதான் தெரிகிறது. தாங்கியை விட்டு அங்கால போகிற முதுகு. முகாமில் இருந்த நாளில் அப்படி ஒருதரம் கூட நான் போனதில்லை, யாரிடமும் பிடியைக் கொடுத்ததும் இல்லை. திரையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இடிந்த சுவர்களைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, கட்டின வீடுகளுக்குள் அந்த மனுசி போய்ச் சேருகிறா. அவவுக்குப் பின்னால் பூப்போட்ட சீலையோடு ஒருவர் தாங்கிக்குப் பக்கத்தில் நிற்கிறார், வரிசை நகருகிறது.

வெளிச்சம் போட்டதும் சின்னப் பிள்ளைகள் என் கதிரையைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். கிட்ட வரப் பயம். எனக்கு அது பிடித்திருந்தது. பின்வரிசையிலிருந்து ஏலம் கூறுகிற தம்பியின் குரல் கேட்டது.

"அக்கா, நீங்க திரும்பி வந்த மாதிரி படத்தில இல்லையே. நான் எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"இன்னும் சாப்பிட்டு முடியேல்ல," என்றேன். "நில்லு."