ஒரு வூட்டுக்கு ஒரு ஓட்டு

போன ஞாயிறு காலை, வியாசர்பாடியில் எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டம். நடுவில் இருக்கும் மைதானத்தை பைக் பார்க்கிங் ஆக்குவதா, பிள்ளைகள் ஃபுட்பால் ஆட விட்டுவைப்பதா? இதுதான் பிரச்னை.

வழக்கப்படி ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு. குடும்பத் தலைவர் கை தூக்க வேண்டும். செயலாளர் ஏழுமலை, ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், பார்க்கிங் வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். நாற்காலியில் இருந்த ஆண்கள் தூக்கினோம். ஆமாம்... நானும்தான்.

பின்னால் நின்றிருந்த செல்வி முன்னால் வந்தார். மணலியில் ஒரு ஃபேக்டரி கேன்டீனில் வேலை செய்பவர். மகள் ஃபுட்பால் பைத்தியம். கணவர் தாஸோ தூக்கிய கையோடு முன்வரிசையில்.

"ஒரு வூட்டுக்கு ஒரு ஓட்டுன்னா, அந்த வூட்ல கீற நான் யாரு சார்?"

எப்போதும் இப்படித்தானே நடக்கிறது என்றார் ஏழுமலை.

"எப்பவும் நடக்குதுன்றது ஒரு காரணமா? வேற காரணம் இருந்தா சொல்லுங்க, கேட்டுக்கினு போறேன்."

ஏழுமலை எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். தாஸின் கை மெல்ல இறங்கியது.

சில நூறு வருஷங்களுக்கு முன் ஐரோப்பாவில் சிலர் ராஜாக்களைக் கேட்டதும் இதைத்தானே? எங்களை ஆள உனக்கு யார் உரிமை கொடுத்தது? கடவுள் என்றார்கள் ராஜாக்கள். சரி, அதற்கு என்ன ஆதாரம் என்றார்கள் இவர்கள். வம்சம், குடும்பம் என்று கும்பலாக எண்ணப்பட்டவன் தனி மனிதன் ஆனான். அவனுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு. அதைக் காப்பாற்றத்தான் அரசாங்கம் என்றார்கள். அரசியலே தலைகீழானது.

வேடிக்கை என்ன தெரியுமா? இத்தனை யோசித்த ஆண்களில் பலருக்கு வீட்டுக்குள் இருந்த பெண்கள் ஞாபகத்துக்கே வரவில்லை. பெண்கள் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது.

நானும் அந்த ரகம்தான். வாரா வாரம் இந்தப் பத்தியில் உரிமை பேசுகிறேன். மைதானம் பற்றி என் மனைவி ஜெயாவிடம் ஒரு வார்த்தை கேட்டேனா?

ஏழுமலை நல்ல மனிதர். காரணம் இல்லை என்று தெரிந்ததும் வீம்பு பிடிக்கவில்லை. பதினெட்டு வயது ஆன எல்லோருக்கும் ஒரு சீட்டு, பெயர் எழுத வேண்டாம் என்றார். ஒரு பிளாஸ்டிக் பக்கெட் ஓட்டுப் பெட்டியானது. மீன் வாங்கப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து சீட்டுப் போட்டார்கள். ஜெயாவும் வந்து போட்டாள்.

மைதானம் ஜெயித்தது. சீட்டுகளை எண்ணி முடிப்பதற்குள் செல்வியின் மகள் பந்தோடு வந்துவிட்டாள்.

தாஸ் என் தோளில் கை போட்டுச் சிரித்தார். "என் வூட்லயே எதிர்க்கட்சி கீது சார். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

வீட்டுக்குத் திரும்பும்போது ஜெயாவிடம் நைசாகக் கேட்டேன் — நீ எதற்குப் போட்டாய்?

"அது ரகசிய ஓட்டு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், இவள் மனதில் என்னதான் இருக்கிறது என்று அன்றுதான் முதல்முறையாக யோசித்துக்கொண்டே படியேறினேன்!