அக்கா தேய்த்த தகர ரயில்

எனக்குப் பழைய ரயில் சாமான்கள் சேர்க்கும் பழக்கம் உண்டு. அட்டை டிக்கெட்டுகள், டிக்கெட்டில் ஓட்டை போடும் இடுக்கி, ரயில்காரர் சட்டைப் பொத்தான்கள், கொஞ்சம் பொம்மை ரயில்கள். மலாக்கா பக்கம் குருபோங்கில் அக்கா வீட்டில் இருக்கிறேன். தொழிற்சாலை வேலை போக மிச்ச நேரமெல்லாம் அறையில் இவற்றோடுதான். இதைப் பற்றி யாரிடமும் பேச எனக்கு வராது. அத்தான்தான் சாப்பிடும்போது சீண்டுவார்.

“மச்சான், பழைய இரும்பு லோரி வந்தா உன்னையும் சேர்த்து ஏத்திக்கிட்டுப் போயிடுவான் லா.”

சுங்கை ரம்பாயில் ஒரு சீனர் தன் மளிகைக்கடையை மூடியபோது, பரணில் கிடந்ததென்று ஒரு தகர எஞ்சினைக் கொடுத்தார். சாவி கொடுத்தால் ஓடும். பச்சைச் சாயம், பக்கத்தில் மஞ்சள் கோடு, அடியில் பொடி எழுத்து. எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. மலாக்கா டவுனில் பழம்பொருள் கடை வைத்திருக்கும், எனக்குப் பழக்கமான ஓர் அண்ணனுக்குப் போனில் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

“தம்பி, படத்துல எழுத்து சரியா விழல. நான் நினைக்கிறதா இருந்தா, இந்த நாட்டுல இன்னொண்ணு நான் பார்த்ததில்ல. நான் வர்ற வரைக்கும் துணியால கூடத் தொடைக்காதீங்க. எழுத்தும் சாயமும்தான் அதுக்குப் பிறப்புப் பத்திரம்.”

நான் சேர்த்த ஒன்றைப் பற்றி யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் வருவதாகச் சொன்ன நாள் ஆயுத பூஜையாக அமைந்தது.

அன்று மத்தியானம் வேலை முடிந்து வந்தேன். பின்பக்கக் குழாயடியில் அக்கா உட்கார்ந்திருந்தார். குத்துவிளக்கு, அத்தானின் ஸ்பேனர்கள், தையல் கத்தரி எல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் என் எஞ்சின், வெறும் வெள்ளைத் தகரமாக.

“அக்கா, அது…”

“எப்படி அழுக்குப் புடிச்சிருந்துச்சு தெரியுமா! புளி போட்டும் போகல. இரும்பு நார் வெச்சுத் தேய்ச்சேன். அத்தான் லோரிக்குப் பூஜை போடுறோம், உன் வண்டியை மட்டும் விட்டுட முடியுமா?”

அவர் விரல் நுனிகள் பச்சையாக இருந்தன. குப்பை என்று சொல்லாமல் அக்கா என் சாமான் ஒன்றைக் கையில் எடுத்தது அன்றுதான்.

சாயங்காலம் அண்ணன் வந்தபோது எஞ்சின் சாமி மேடையில் இருந்தது. சந்தனமும் குங்குமமும் வைத்து, லோரிக்குச் செய்வது போலவே சக்கரங்களுக்கு அடியில் குட்டிக் குட்டி எலுமிச்சம்பழங்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“எடுத்துப் பாருங்கண்ணே, புதுசு மாதிரி ஆக்கிட்டேன் லா,” என்றார் அக்கா.

அண்ணன் சாமி கும்பிட்டுவிட்டு எஞ்சினை எடுத்துக் கவிழ்த்தார். பூதக்கண்ணாடியை வைத்து அடிப்பக்கத்தில் வெகுநேரம் தேடினார்.

“நல்லா பளபளன்னு இருக்கும்மா.”

வாசலில் அவர் காரில் ஏறிய பிறகுதான் கேட்க முடிந்தது. “அதுதானாண்ணே?”

“இருக்கலாம் தம்பி. இல்லாமலும் இருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது.”

அதற்குள் அக்கா பொரிகடலைப் பொட்டலத்தோடு ஓடி வந்து கார் ஜன்னல் வழியே நீட்டினார்.

“இவன் நீங்க வருவீங்கன்னு எத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தான் தெரியுமா. நல்ல சாமான்தானேண்ணே?”

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “நல்ல சாமான்தான்க்கா.”

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அப்ப உன் அலமாரியில இருக்கிற மிச்சத்தையும் நாளைக்கு எடுத்துக் குடு, தேய்ச்சுத் தர்றேன்.”

அண்ணன் காரைக் கிளப்பாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அக்காவுக்குச் சரியென்று தலையை ஆட்டினேன்.