வானொலியில் வந்த என் வீட்டுக் குரல்

அருப்புக்கோட்டைக் கடைவீதியில் எங்களுடையது மாட்டுத்தீவனக் கடை. முன்புறம் பருத்திவிதையும் புண்ணாக்கும் தவிடும்; நடுவே ஒரு நீண்ட நடை; அதன் பின்புறம் குடியிருப்பு. கல்லாவுக்கு மேலே, சுவாமி படங்களை ஒட்டியிருக்கும் மாடத்தில், வானொலிப் பெட்டி இருக்கிறது. கடை திறந்ததும் விளக்கு, அடுத்துத் திருநீறு, அதற்கடுத்து வானொலி. கடையை மகன் பொறுப்பேற்ற பிறகும் இந்த மூன்றை மட்டும் நான் அவனிடம் ஒப்படைக்கவில்லை.

என்னைப் போலப் பழைய பதிகங்களிலேயே ஊறிப்போனவன் விடியற்காலைப் பக்திப் பாடல்களோடு வானொலியை நிறுத்திவிடுவான் என்று பலர் எண்ணுவார்கள். நான் நிறுத்துவதில்லை. மங்கல இசை முடிந்து, ஒரு பெரியவரின் சிறு சிந்தனை முடிந்து, உழவர்களுக்கு மழை நிலவரம் சொல்வார்கள். பிறகு செய்திகள். பிறகு மருத்துவர் ஒருவர் வந்து நேயர்களின் கேள்விகளுக்கு விடை சொல்வார். அவர் எழுந்து போன சூட்டோடு திரைப்பாடல். மாலையில் கச்சேரி, அதற்கு முன்னால் கிராமத்து நிகழ்ச்சி. இப்படி எல்லாவற்றையும் கலந்து தருவது முறையா என்று ஒரு சிவனடியார் என்னிடம் கேட்டதுண்டு. மல்லிகையையும் மரிக்கொழுந்தையும் செவ்வந்தியையும் ஒரே நாரில் தொடுத்த கதம்பத்தைத்தானே சுவாமிக்குச் சாத்துகிறோம், தனிப்பூ மட்டும் போதும் என்று சுவாமி எப்போதாவது திருப்பி அனுப்பினாரா என்றேன். பழம்பாடல்களிலும் இறைவன் திருப்பெயருக்கு அடுத்த அடியிலேயே வயலும் வாளைமீனும் மந்தியும் வந்துவிடுகின்றன. எங்கள் கரிசல் காட்டில் வாளைமீனுக்கு எங்கே போவது? ஆகவே எங்களுக்குப் பருத்தி விலையும் மழை நிலவரமும்.

சில ஆண்டுகளாக அந்தப் பெட்டியின் ஒலி குறைந்துகொண்டே வருவதாக எனக்குத் தோன்றிற்று. முதலில் வீதியில் பஸ் போக்குவரத்து பெருகிவிட்டதுதான் காரணம் என்று நினைத்தேன். பிறகு பெட்டி பழையதாகிவிட்டது என்று முடிவுகட்டி மகனிடம் சொல்லிப் புதிது வாங்கினேன். புதியதும் நோஞ்சானாகவே இருந்தது. இந்தக் காலத்துப் பொருள்களில் உறுதி இல்லை என்று வாடிக்கையாளர்களிடம் குறைபட்டுக்கொண்டு, ஒலி கூட்டும் திருகை அது போகும் அளவுக்குத் திருகி வைத்தேன். எதிர்வரிசைத் தேநீர்க் கடைக்காரர் தம் வானொலியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். எங்கள் பெட்டிக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்ற அவருடைய நல்ல மனத்துக்கு அதை அடையாளமாக நான் எடுத்துக்கொண்டேன்.

மார்கழி மாதத்தில் எங்கள் தெருக்காரர்கள் விடியுமுன் கூடி, இறைவனைத் துயிலெழுப்பும் பாடல்களைப் பாடியபடி வீதியைச் சுற்றிக் கோயிலுக்குப் போவது வழக்கம். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். ஒவ்வொரு பாட்டையும் எடுத்துக்கொடுப்பவன் நான். என் தகப்பனார் செய்தது. அவருக்குப் பின் என்னிடம் வந்தது. ஊரில் வேறு எந்தப் பெருமையையும் நான் நாடியதில்லை. இந்த ஒன்றை மட்டும், உண்மையைச் சொல்வதானால், மிகவும் விரும்பினேன். சென்ற மார்கழியில் ஆர்மோனியம் வாசிப்பவர் சுருதியைத் தாழ்த்தி வைத்துவிட்டாரோ என்று எனக்கு ஒரு ஐயம். அவரிடம் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, சரியாகத்தான் இருக்கிறது என்றார். கூட்டம் என்னோடு ஒரே குரலாகப் பாடிற்று. மனநிறைவோடு வீடு திரும்பினேன்.

புரட்டாசியில் ஒரு காலைப் பொழுது. பரளச்சியிலிருந்து எங்கள் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வந்திருந்தார். என் வயதுதான் அவருக்கும். மானாவாரி நிலமும் இரண்டு எருமைகளும் உடையவர். பருத்திவிதை மூட்டை கட்டி முடியும்வரை பலகையில் அமர்ந்து வானொலி கேட்பது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. செய்திகள் முடிந்து நலவாழ்வு நிகழ்ச்சி தொடங்கியது. அன்றைக்குக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்; ஒரு பெண்மணி. நேயர்கள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மல்லாங்கிணற்றிலிருந்து ஒருவர் தம் குறட்டையைப் பற்றி நெடுநேரம் பேசினார். அடுத்த அழைப்பை நிகழ்ச்சி நடத்துபவர் எடுத்தார்.

"வணக்கம்மா, எங்கிருந்து பேசுறீங்க?"

"அருப்புக்கோட்டைங்க."

"உங்க பேரு?"

"பேரெல்லாம் வேண்டாங்க. கேள்வி மட்டும் கேட்டுக்கிறேன்."

"சரிம்மா. பக்கத்துல ரேடியோ ரொம்பச் சத்தமா ஓடுது போல. உங்க குரலே எங்களுக்கு ரெண்டு தடவை வருது. கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க."

"அதைச் சொல்ல முடியாமத்தாங்க போன் பண்ணியிருக்கேன்."

பரளச்சிக்காரர் நடையின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, பின்னாலயும் இதே குரல் கேக்குது" என்றார். எனக்குப் பின்னால் எதுவும் கேட்கவில்லை. மாடத்திலிருந்து மட்டும் கேட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னோடு வாழும் குரல் அது. அது வானொலியில் வரும் என்று கனவிலும் எண்ணாததால், அடையாளம் காணச் சற்று நேரம் பிடித்தது.

என் மனைவி மருத்துவரிடம் நிதானமாகச் சொன்னாள்: "வீட்டுல அவுகளுக்குக் காது மந்தமாயிருக்குங்க. ஒத்துக்கிற மாட்டேங்கிறாக. கோயில்ல பாட்டு எடுத்துக் குடுக்கிறவுக. போன மார்கழியில சுதியை விட்டு மேல ஏறிப் போயிட்டாக. பெரியவுகளாச்சேன்னு கூட்டமே பின்னாலயே ஏறிப் போச்சு. பெட்டி வாசிக்கிறவரு பாவம், வாசிக்காம சும்மா வெரலை மட்டும் ஆட்டுனாரு. இந்த மார்கழிக்குள்ள சரியாக்க முடியுமாங்க?"

மருத்துவர் வயதை விசாரித்தார். காதில் இரைச்சல் உண்டா, சீழ் உண்டா என்று கேட்டார். வயதினால் வரும் செவிக்குறைவு பலருக்கும் உரியது, பரிசோதித்துக் கருவி பொருத்தினால் பெரும்பாலும் நலம் கிடைக்கும், நாள் கடத்தக் கூடாது என்றெல்லாம் இதமாக எடுத்துச் சொன்னார். பிறகு, "நீங்க கூப்பிட்டா வருவாராம்மா?" என்றார்.

"நான் சொன்னா வர மாட்டாக. ரேடியோவுல சொன்னா எதையும் தட்ட மாட்டாக. இப்பக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக."

அப்புறம் மருத்துவர், சிரிப்பை அடக்கிய குரலில், "ஐயா, அம்மாகூட ஒரு தடவை வந்து காதைக் காட்டிருங்க" என்றார். அடுத்ததாகத் திரைப்பாடல் தொடங்கிற்று.

நான் திருகி வைத்திருந்த ஒலியின் புண்ணியத்தால் கடைவீதியில் ஒருவர் காதுக்கும் அது தப்பவில்லை. பாத்திரக் கடை வாசலில் இரண்டு பேர் நின்று என் பக்கம் பார்த்துவிட்டுப் பார்க்காதவர்கள் போலத் திரும்பிக்கொண்டார்கள். தேநீர்க் கடைக்காரர் குவளையைக் கழுவிக்கொண்டே இருந்தார். பரளச்சிக்காரர் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "நல்லவேளை, எங்க ஊட்டுப் பக்கம் போனுக்கு டவரு எடுக்காது. வாரேன் அண்ணாச்சி" என்று கிளம்பினார்.

பின்கட்டில் என் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கைபேசி இடுப்பில் செருகியிருந்தது. சுருதி விலகியது உண்மையா என்று மட்டும் கேட்டேன். உண்மை என்றாள். எத்தனை நாள் என்றேன். ஒரு நாள் தப்பவில்லை என்றாள். மார்கழி முழுதும் அவள் பெண்கள் வரிசையில் நின்று அதைக் கேட்டிருக்கிறாள். அப்படியானால் இனி நான் பாடாமல் இருந்துவிடுகிறேன், வேறு யாராவது எடுத்துக்கொடுக்கட்டும் என்றேன்.

அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். "பாட வேண்டாம்னு யாரு சொன்னா? சாமிக்கு முன்னாடி உங்களை எல்லாரும் மரியாதைக்காக ஏமாத்துறாக. அதைத்தான் என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல."

அடுத்த வாரம் இருவரும் மதுரைக்குப் போனோம். கண்ணாடி அறைக்குள் என்னை அமர்த்தி, ஒலி கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். எதுவும் கேட்காமல் கை மடியிலேயே கிடந்த நேரங்களில், கண்ணாடிக்கு வெளியே என் மனைவியின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். இரண்டு காதுக்கும் கருவி பொருத்தினார்கள். பஸ்ஸில் திரும்பி வருகையில் நடத்துநரின் விசில் என் மண்டைக்குள் ஊதிற்று. வீட்டில் தட்டு வைத்தால் இடி; தாளைப் புரட்டினால் சருகில் பாம்பு. பழக நாளாகும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

ஆனால் வானொலி! திருகைப் பாதிக்கும் கீழே இறக்கியும், அறிவிப்பாளர் வாக்கியத்துக்கு நடுவே மூச்சு வாங்குவது கேட்டது. வயலின் முடித்த பிறகும் தம்புரா ஒரு நொடி கூடுதலாக ஒலித்து அடங்குவது கேட்டது. சிந்தனை சொன்ன பெரியவருக்கு லேசாகச் சளி பிடித்திருந்தது. அவற்றினும் பெரிதாக ஒன்று: வானொலி பாடும்போது நடையின் மறுகோடியில், சமையற்கட்டிலிருந்து, இன்னொரு குரல் மெல்லக் கூடவே பாடுவது கேட்டது. பதிகம் வந்தால் பதிகம், திரைப்பாடல் வந்தால் திரைப்பாடல். அவள் பாடுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பெட்டியை நான் அவ்வளவு உரக்க வைத்திருந்தால் அவள் குரலுக்கு அங்கே இடம் ஏது? நான் கேட்டதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவாள்.

ஒலியைக் குறைத்ததில் வீதிக்குத்தான் வருத்தம். தேநீர்க் கடைக்காரர் வந்து, "செய்தியும் மழை அறிவிப்பும் உங்க ரேடியோவுலதான் அண்ணாச்சி நாங்க கேட்டது. இப்ப வாரவுக எல்லாரும் என்னைக் கேக்குறாக" என்றார். அன்றிலிருந்து அந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கு மட்டும் ஒலியைக் கூட்டிவிட்டுக் கருவிகளைக் கழற்றி வைத்துக்கொள்கிறேன்.

மார்கழி பிறந்தது. முதல் நாள் விடியுமுன் கோயில் வாசலில் கூடியதும், எல்லோரிடமும் சொன்னேன்: நான் சுருதி விலகினால் யாரும் என் பின்னால் வரக் கூடாது, ஆர்மோனியப் பெட்டியோடு நில்லுங்கள். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். ஆர்மோனியக்காரர் துருத்தியைத் தேவையில்லாமல் துடைத்தார். பெரியவன் ஒருவன் தன் வாயாலேயே இப்படிச் சொல்வது அவர்களுக்குச் சங்கடம் என்பதை உணர்ந்தேன். ஜால்ரா தட்டுபவரை மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டினேன். கருவிக்குள் அது கடுகு வெடிப்பது போலக் கேட்டது.

முதல் வீதி நன்றாகவே நடந்தது. இரண்டாம் வீதித் திருப்பத்தில், நான் மிகவும் நேசிக்கும் பாட்டு. இறைவனிடம், நாங்கள் வாசலில் நிற்கிறோம், இன்னும் உறக்கமா என்று உரிமையோடு கேட்கும் பொருளுடையது. உருக்கத்தில் என்னை மறந்தேன். குரல் தானே மேலே போயிற்று. ஆண்களின் குரல்கள் பழைய மரியாதையோடு என்னைத் தொடர்ந்து ஏறின. அது எனக்குக் கேட்டது. வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்டது. பின்வரிசைப் பெண்கள் மட்டும் ஏறவில்லை. அவர்கள் ஆர்மோனியத்தின் சுருதி இருந்த இடத்திலேயே, அசையாமல், ஒரு படித்துறை போல நின்றார்கள். அந்தக் குரல்களின் நடுவே, சமையற்கட்டில் நான் ஒளிந்து கேட்ட குரலும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஆண்களும் இறங்கினார்கள். ஆர்மோனியக்காரரின் விரல்களுக்கு ஒலி திரும்பி வந்தது.

கோயிலில் தீபாராதனை முடிந்து, கையில் சுடுபொங்கலோடு வீட்டுக்கு நடந்தோம். கிழக்கில் வெளுப்புக் கண்டிருந்தது. என் மனைவி இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தாள். வழக்கமாக நான் எதையும் கேட்பதில்லை. அன்று நின்று திரும்பி, எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ஒரு தடவை போனீக" என்றாள். "திரும்பி வந்துட்டீக."

கடையைத் திறந்து விளக்கேற்றித் திருநீறு இட்டுக்கொண்டேன். வானொலியைத் தாழ்வாக வைத்துவிட்டுக் கல்லாவில் அமர்ந்து, அவள் சமையற்கட்டுக்குள் போகக் காத்திருந்தேன்.