சகலை குடித்த மருந்து

என் சகலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வராது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட ஆறு வயது இளையவன். மாமனார் தன் ஏலத்தோட்டத்தை இரண்டு மகள்களுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தபோது ஊற்று அவன் பாதியில் விழுந்தது. கோடையில் அவன் செடி பச்சையாக நிற்கும், என் செடி இலை சுருண்டு கிடக்கும். தண்ணீர் கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டான். "குழாயப் போட்டு எடுத்துக்கங்கண்ணே, இதுக்குப் போயி கேக்கணுமா" என்பான். அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு வயிற்றெரிச்சல். எப்போதும் கொடுக்கிற இடத்தில் அவன், வாங்குகிற இடத்தில் நான்.

இதில் எனக்குச் சிறுநீரகம் வேறு பழுதாகிவிட்டது. சர்க்கரை செய்த வேலை. பாதிக்கும் கீழேதான் ஓடுகிறது, இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டால் டயாலிசிஸ் இல்லாமல் காலத்தைத் தள்ளலாம் என்றார் டாக்டர். உப்பு கூடாது, கருவாடு கூடாது, இளநீர் கூடாது. சகலை என் வீட்டுக்கு வந்து, என் கண் முன்னாலேயே கருவாட்டுக் குழம்பை மறுசோறு வாங்கிச் சாப்பிடுவான். நான் உப்பில்லாத சுரைக்காயைப் பிசைந்துகொண்டு அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் காய் எடுப்பு தொடங்கிய நேரத்தில் எனக்கு மலத்தில் ரத்தம் போனது. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்று தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதே சோதனையை ஆறு மாதம் முன்னால் சகலையும் செய்திருந்தான். முந்தின நாள் சின்ன பாட்டில் மருந்தைக் குடித்து வயிற்றைக் கழுவினான், காலையில் சோதனை, மத்தியானம் போடிமெட்டு ஏறித் தோட்டத்தில் வந்து நின்றான்.

எனக்கு மட்டும் டாக்டர் கதையை நீட்டினார். இரண்டு நாள் அங்கேயே படுக்கவேண்டும், பவுடரை நாலு லிட்டர் தண்ணீரில் கலக்கி நிதானமாகக் குடிக்கவேண்டும், நடுநடுவே ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். "உள்ள சதை வளந்திருந்து வெட்ட வேண்டியிருந்தா, கிட்னி கெட்டவங்களுக்கு ரத்தம் லேசுல நிக்காது. பாத்துத்தான் செய்யணும்" என்றார்.

"எங்க சகலைக்குச் சின்ன பாட்டில் குடுத்தாங்களே?" என்று கேட்டேன்.

டாக்டர் அந்த மருந்தின் பெயரை என் சீட்டில் எழுதி, சிவப்புப் பேனாவால் இரண்டு தடவை அடித்தார். "அவருக்கு நல்ல கிட்னி. இதுல இருக்கிற பாஸ்பேட்ட உங்க கிட்னியால வெளியேத்த முடியாது. அங்கயே படிஞ்சு, இருக்கிறதையும் கெடுத்துரும். இத மட்டும் தொட்டுராதீங்க."

அவருக்கு நல்ல கிட்னி. அந்த வார்த்தை வீடு வரைக்கும் என்னோடு வந்தது. இரண்டு நாள் நான் படுத்துக் கிடந்தால், என் பாதியில் காய் எடுக்கிற ஆட்களை அவன்தான் பார்ப்பான். 'அண்ணன் முடியாமக் கெடக்காரு, நான் சொல்ற சோலியப் பாருங்க' என்பான். அதை நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு தோட்டத்துக்கும் ஷெட்டு ஒன்றுதான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. செடிக்கு அடித்தது போக மருந்து மிஞ்சினால் அடுத்த பாதிக்காரன் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். ஷெட்டிலிருந்த தகரப் பெட்டிக்கும் அதே சட்டம்தான். காய்ச்சல் மாத்திரையோ தைலமோ, யார் வாங்கி வைத்தாலும் இருவருக்கும் பொது. சகலைக்குச் சோதனைத் தேதி ஒரு தடவை தள்ளிப்போனதில், அந்த மருந்தை இரண்டிரண்டு பாட்டிலாக இரண்டு தடவை வாங்கியிருந்தான். மிஞ்சிய இரண்டு பாட்டிலும் பிரிக்காமல் பெட்டிக்குள் கிடந்தன. பூச்சி மருந்தை எடுப்பதுபோலச் சாதாரணமாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

கழுவிய வயிற்றோடு போய் நின்றால் அன்றைக்கே பார்த்து அனுப்பிவிடுவார்கள் என்பது என் எண்ணம். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று குடித்தேன். விடிந்தபோது விரலெல்லாம் மரத்துப்போயிருந்தது, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, ஒரு சொட்டு மூத்திரம் இறங்கவில்லை. என்னைத் தோளில் தூக்கி ஜீப்பில் போட்டு மதுரைக்கு ஓட்டியவன் சகலைதான். அங்கே கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். காப்பாற்றி வைத்திருந்த மிச்சமும் போனது போனதுதான். பிற்பாடு குடலைப் பார்த்தார்கள். வெறும் மூலம்.

"அந்தப் பாட்டில நான் அன்னைக்கே தூக்கிப் போட்டிருக்கணும்ணே" என்று வார்டில் என் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதான். "உங்களுக்கு ஆகாதுன்னு ஒருத்தரும் சொல்லலையா?"

"ஒருத்தரும் சொல்லலப்பா" என்றேன்.

பொய் தடங்கலில்லாமல் வந்தது. அவன் அழுவதைப் பார்க்க எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. தன் மூக்கு போனாலும் எதிராளிக்குச் சகுனத்தடை என்பார்களே, அந்த ஆள் நான்தான்.

அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் என்னை டயாலிசிஸுக்குத் தேனிக்குக் கூட்டிப்போவது அவன் வேலையாயிற்று. நான் முதலில் காட்டிய ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வேறு இடம் பார்த்துக்கொண்டேன். இப்போது எனக்கு ஒரு நாளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர்தான். அதனால் சகலை என் எதிரில் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டான். வழியில் ஜீப்பை ஓரங்கட்டி, பின்பக்கம் போய்க் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வருவான். என் வீட்டில் கருவாட்டையும் தொடுவதில்லை. அதையெல்லாம் நான் ரசித்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ரசித்தேன்.

போன மாதம், டயாலிசிஸ் செய்கிற இடத்தில் பழைய மருந்துச் சீட்டுகளையெல்லாம் கொண்டுவரச் சொன்னார்கள். நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்த கட்டை அவன் வாங்கி, வாசலில் நின்றே ஒவ்வொன்றாகப் புரட்டினான். ஒரு சீட்டில் கை நின்றது. சிவப்பு மை ஜீப்பிலிருந்தே எனக்குத் தெரிந்தது. அவன் படித்தான், தேதியைப் பார்த்தான், மறுபடியும் படித்தான். பிறகு மடித்து, இருந்த இடத்திலேயே செருகினான்.

"கெளம்புவோமாண்ணே, நேரமாகுது" என்றான்.

ஊரைத் தாண்டினோம். வழக்கமான இடத்தில் ஜீப்பை ஓரங்கட்டினான். ஆனால் இறங்கவில்லை. இருக்கைக்கு அடியிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் வாரம் இரண்டு நாள், சொன்ன நேரத்துக்கு அவன் ஜீப்பு வருகிறது. தண்ணீர்ப் பாட்டில் மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவில், இருக்கையின் மேலேயே இருக்கிறது.